போர் முடிந்து வீடு திரும்பும் சிப்பாயின் மனதை உண்மையாகக் காட்டிய படம் எது?

என்னைக் கேட்டால் 1946-ல் வந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. போர்க்களக் காட்சி ஒன்றுகூட இல்லாத போர்ப் படம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று பேர் ஒரே விமானத்தில் அமெரிக்காவில் இருக்கும் தங்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள். அதில் ஹோமர் என்ற கடற்படைப் பையனுக்கு இரண்டு கைகளும் போய்விட்டன, அந்த இடத்தில் இரும்புக் கொக்கிகள். நடித்த ஹரால்ட் ரஸ்ஸல் நடிகரே அல்ல. 1944-ல் ராணுவப் பயிற்சியின்போது வெடிமருந்து வெடித்து நிஜமாகவே இரு கைகளையும் இழந்தவர். இந்த ஒரே வேடத்துக்கு அவருக்கு இரண்டு ஆஸ்கர் கொடுத்தார்கள்.

மற்றவர்கள் முன்னால் ஹோமர் கொக்கியால் தீக்குச்சி கிழித்துக் காட்டிச் சிரிப்பான். ஓர் இரவு, தன்னைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் வில்மாவைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கொக்கிகளைக் கழற்றிக் காட்டுகிறான். இனி கதவு சாத்திக்கொண்டால்கூடத் தன்னால் திறக்க முடியாது, யாரையாவது கூப்பிட வேண்டியதுதான் என்கிறான். அவள் அவனுடைய பைஜாமாப் பொத்தான்களைப் போட்டுவிடுகிறாள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் இது.

இன்னொருவன் ஃப்ரெட், குண்டுவீச்சு விமானத்தில் இருந்தவன். பழைய விமானங்களைக் குவித்து வைத்திருக்கும் மைதானத்தில், ஒன்றின் மூக்குப்பகுதியில் ஏறி உட்கார்கிறான். எஞ்சின்களில் விசிறிகூட இல்லை, ஆனால் அவனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. இயக்குநர் வில்லியம் வைலர், போரின்போது இப்படிப்பட்ட விமானங்களில் பறந்து படமெடுத்தவர்.

அதே 1946-ல் ஜான் ஹூஸ்டன் என்ற இயக்குநர், மனம் உடைந்த சிப்பாய்களை ராணுவ மருத்துவமனையிலேயே வைத்து 'லெட் தேர் பி லைட்' என்ற ஆவணப்படம் எடுத்து முடித்தார். ராணுவம் அதைப் பூட்டி வைத்தது, 1980-ல்தான் வெளியே விட்டார்கள். அமெரிக்க மனநலக் கையேட்டில் 'பிடிஎஸ்டி' (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்ற பெயர் ஏறியதும் அதே 1980-ல்தான்!

ஈராக் போரைப் பற்றிய 'தி ஹர்ட் லாக்கர்' முழுக்க வெடிகுண்டு அகற்றும் படம்தான். ஆனால் ஊருக்கு வந்த நாயகன் சூப்பர் மார்க்கெட்டில் எந்த கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியை எடுப்பது என்று தெரியாமல் விழித்து நிற்பானே, எனக்கு மறக்காதது அந்த ஒரு நிமிஷம்.

தமிழில் பேசும் ஒன்று வேண்டுமென்றால் 2015-ல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய பிரெஞ்சுப் படம் 'தீபன்'. நாயகனாக நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தியே முன்னாள் விடுதலைப் புலிகள் இயக்கப் போராளி. இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்து பாரிஸ் புறநகர் அடுக்குமாடி ஒன்றில் கேர்டேக்கர் வேலை பார்க்கும் முன்னாள் போராளி தீபன், கும்பல்கள் சுட்டுக்கொண்டதும் தரையில் வெள்ளைக்கோடு போட்டு 'இது துப்பாக்கிச்சூடு இல்லாத வலயம்' என்கிறான். இறுதிப்போரில் இப்படி வலயங்கள் அறிவிக்கப்பட்ட இலங்கையின் வன்னி இன்னும் அவன் காலடியில் இருக்கிறது. கடைசியில் படம் துப்பாக்கிச் சண்டைக்குப் போய்விடும். லீவில் வந்த மிலிட்டரிக்காரர் ரவுடிகளைப் புரட்டி எடுக்கும் நம்மூர்ப் படம் போல ஆகிவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

தீபன் போட்ட அந்த வெள்ளைக்கோட்டைப் பார்த்தபோது என் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. 1988-ல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தவர். இன்றைக்கும் வயலுக்கு வரப்பு வழியாகப் போகமாட்டார், எவ்வளவு சுற்று என்றாலும் தார் ரோடுதான். கண்ணிவெடி பயம் என்று பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரைக் கேட்டால், "வரப்புல பாம்பு கெடக்கும்டா" என்பார்.