ஏற்காட்டுல பாறை கருப்பா இருக்கு, மண்ணு மட்டும் ஏன் செவப்பு?

அந்த செவப்பு வேற ஒண்ணுமில்லீங்க, துரு தான். ஏற்காடு இருக்குற சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட்னு ஒரு கெட்டிக் கல்லு, அதுக்குள்ள இரும்பு இருக்கு. மழைத்தண்ணி கார்பன் டை ஆக்சைடை கரைச்சுக்கிட்டு லேசான அமிலமா விரிசல்ல எறங்கி, கல்லுல இருக்குற ஃபெல்ட்ஸ்பார்ங்கற கனிமத்தை களிமண்ணாக்கி, இரும்பை துருப்புடிக்க வச்சு, சிலிக்காவையும் (மணல்ல இருக்குற அதே பொருள்) கொஞ்சம் கொஞ்சமா அடிச்சுட்டு போயிடுது, அப்படி அலுமினியம் மிஞ்சுன எடத்துல தான் மலை உச்சில அலுமினியத் தாதுவான பாக்சைட்டே இருக்கு. அடுத்த தடவ போறப்ப கொண்டை ஊசி வளைவு தாண்டி, வண்டிய ஓரமா நிறுத்திட்டு, ரோட்டுக்காக வெட்டுன மேட்டை பாருங்க. வெங்காயத் தோலு மாதிரி பாறை உரிஞ்சு நிக்கும், நகத்தால சுரண்டுனாலே உதிரும், நடுவுல மட்டும் உருண்டையா கெட்டிக் கல்லு. இதுல காப்பிக்கு நிழல் தர்ற சில்வர் ஓக் மரத்து எலை மக்கி, மண்புழு பூந்து கெளறுனா தான் காப்பி வெளையுற மண்ணு. ஒரு சென்டிமீட்டர் மண்ணு உருவாகவே நூத்துக்கணக்கான வருஷம் ஆகும்ங்க.