நான்கு வருடமாக அதே விலை: பழகிய வாடிக்கையாளர்களிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, தனியாளாக அழகு நிலையம் நடத்துகிறேன். ஒன்பது வருடம் ஆகிறது. மாதம் தவறாமல் வருகிற 60 பேர்தான் என் பிழைப்பு. 2021 தீபாவளிக்கு முன்பு விலை ஏற்றினேன். அதற்குப் பிறகு தொடவில்லை. புருவம் திருத்த 40 ரூபாய், ஃபேஷியல் 600, இரண்டு கைகளுக்கும் வேக்சிங் 300. மாதம் சுமார் 42,000 ரூபாய் வருகிறது. வாடகை 7,000, மின்சாரம் 2,000, பொருட்கள் 11,000 போக 22,000 நிற்கிறது. அன்று 130 ரூபாய்க்கு வாங்கிய ஃபேஷியல் பாக்கெட் இன்று 190. முதல் நாளிலிருந்து வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவர் முகத்தைப் பார்த்துக் கூடுதலாகக் கேட்க எனக்கு வாய் வராது. புதிதாக வருபவர்களுக்கு மட்டும் ஏற்றலாமா? ஒரு பாக்கெட்டை இரண்டு பேருக்குப் பயன்படுத்தினால் செலவு குறையும் என்று தோழி சொல்கிறாள். செய்யலாமா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு பாக்கெட்டை இரண்டாக்காதீர்கள். ஒருவருக்குப் பிரித்த க்ரீமை டப்பாவில் மூடி வைத்து மறுநாள் இன்னொருவர் முகத்தில் தடவி, அவருக்குக் கன்னம் தடித்துப்போனால், ஒன்பது வருடம் சம்பாதித்த பெயர் ஒரு வாரத்தில் போய்விடும். விலை கூடியதற்காக ஒரு வாடிக்கையாளர் விலகினால் பிறகு திரும்பி வரக்கூடும். முகம் கெட்டதென்று விலகியவர் வரமாட்டார். தெருவில் நாலு பேரிடம் சொல்லவும் செய்வார்.

இப்போது விலைக்கு வருவோம். நான்கு வருடமாக விலையைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 2022-23இல் சராசரியாக 6.7 சதவீதம், அடுத்த ஆண்டு 5.4, அதற்கடுத்த ஆண்டு 4.6. மூன்றையும் அடுக்கிப் பார்த்தால், 2021-22இல் 100 ரூபாய்க்கு வாங்கியதை வாங்க 2024-25இல் ஏறக்குறைய 118 ரூபாய் வேண்டும். அதே 40 ரூபாயை வாங்கிக்கொண்டு வந்ததில், வருடத்துக்கு வருடம் உங்கள் உழைப்பின் விலையை நீங்களே குறைத்திருக்கிறீர்கள். ஆகவே இப்போது 20 சதவீதம் ஏற்றினால், 2021இல் நின்ற இடத்துக்குத் திரும்பி வருகிறீர்கள், அவ்வளவுதான். இதில் பேராசை எதுவும் இல்லை. இது உங்கள் மனதில் பதிந்துவிட்டால் வாய் தானாக வரும்.

மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் கடை திறந்திருப்பதாக வைத்தால் 208 மணி நேரம். 22,000 ரூபாயை அதில் வகுத்தால் மணிக்கு 106 ரூபாய். நாள் முழுதும் நின்றுகொண்டே, கழுத்தைக் குனிந்து, நூலைப் பல்லில் கடித்து இழுக்கிற வேலைக்கு இது மிகக் குறைவு.

அடுத்து உங்கள் பயம். எல்லாரும் போய்விட்டால்? கணக்கு எளிதாக இருக்க, வருமானம் முழுவதும் அந்த 60 பேரிடமிருந்தே வருவதாகக் கொள்வோம். சராசரியாக 20 சதவீதம் ஏற்றினால் 42,000 என்பது 50,400 ஆகும். ஒருவரும் விலகாவிட்டால் கையில் நிற்பது 30,400. 12 பேர் விலகி 48 பேர் மட்டும் வந்தால்? வசூல் 40,320, பொருள் செலவும் 8,800 ஆகக் குறையும், வாடகையும் மின்சாரமும் போக 22,520 நிற்கும். அதாவது ஐந்தில் ஒருவர் வராமல் போனாலும் இன்றைய வருமானம் குறையாது, வேலை மட்டும் குறையும். ஒன்பது வருடமாக உங்கள் கையை நம்பி முகத்தைக் கொடுப்பவர்களில் 12 பேர் இதற்காகப் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்ற வேண்டாம். புருவத்தின் விலைதான் எல்லாருக்கும் மனப்பாடம். பக்கத்துத் தெருவில் எவ்வளவு என்பதும் தெரியும். அதனால் அதை 50 ரூபாயோடு நிறுத்துங்கள். வேக்சிங்கில் 90 ரூபாய் பொருள் போட்டு அரை மணியில் 210 ரூபாய் நிற்கிறது என்றால், உங்கள் வேலைகளில் நன்றாகக் கட்டுபடியாவது அதுதான். அதற்கு 340 போதும். ஃபேஷியல்தான் இடிக்கிறது. ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கிறது, பாக்கெட் மட்டுமே 60 ரூபாய் கூடியிருக்கிறது. அதை 750 ஆக்குங்கள். மற்ற வேலைகளுக்கும் இதே போல, எத்தனை நிமிடம், எவ்வளவு பொருள் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தபின் விலை வையுங்கள்.

புருவம் திருத்தும்போது மேலுதட்டையும் சேர்த்து, காசு வாங்காமல் செய்துவிடுவது இந்தத் தொழிலில் பலருக்குப் பழக்கம். நீங்களும் அப்படித்தான் என்றால் அதை நிறுத்த வேண்டாம். பலகையில் ‘புருவம், மேலுதடு சேர்த்து 50’ என்று எழுதுங்கள். இத்தனை நாள் சொல்லாமல் கொடுத்தது இனி கண்ணுக்குத் தெரியட்டும்.

புதியவர்களுக்கு ஒரு விலை, பழையவர்களுக்கு ஒரு விலை என்பது ஸ்ரீரங்கம் போன்ற ஊரில் ஒரு மாதம்கூடத் தாங்காது. கோயில் வாசலிலும் காய்கறிக் கடையிலும் ஒருவரையொருவர் பார்ப்பவர்கள் அவர்கள். ‘என்னிடம் மட்டும் ஏன் 50?’ என்ற கேள்வி வந்தால் பதில் சொல்ல முடியாது. விலை எல்லாருக்கும் ஒன்றுதான். உண்மையிலேயே கொடுக்க முடியாதவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்காகச் செவ்வாய்க்கிழமை 11 மணியிலிருந்து 3 மணி வரை பழைய விலை என்று வைக்கலாம். செவ்வாயன்று முடி வெட்டிக்கொள்ள நம் ஊரில் பலரும் வரமாட்டார்கள்; உங்கள் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். சலுகை யார் கேட்டாலும் கிடைக்கும், யாரும் தாழ்ந்து கேட்க வேண்டியதில்லை.

எப்போது ஏற்றுவது என்பதில் அவசரம் கூடாது. பொங்கலுக்கு முந்தைய வாரம் விலையை மாற்றினால், கூட்டத்தைப் பார்த்து ஏற்றினாள் என்ற பேச்சு வரும். பிப்ரவரி 1 என்று தேதி வைத்து, டிசம்பர் நடுவிலேயே பலகையை மாட்டுங்கள். ஃபேஷியலுக்கு வருபவர்கள் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வருவார்கள். ஆறு வாரம் முன்பே சொன்னால், ஒவ்வொருவரும் பழைய விலையில் ஒரு முறை வந்து, புதிய விலையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பில் கொடுக்கும்போது முதல் தடவையாகத் தெரியவருவதுதான் மனதைப் புண்படுத்தும்.

பலகை இருந்தாலும் வாயால் சொல்லுங்கள். நாற்காலியில் உட்காருவதற்கு முன் சொல்ல வேண்டும். கண்ணை மூடி, புருவத் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் விலைப் பேச்சு எடுக்கக்கூடாது. ‘அக்கா, பிப்ரவரி 1 முதல் ஃபேஷியல் 750 ரூபாய். இன்றைக்குப் பழைய விலைதான்.’ இது போதும். மன்னிப்புக் கேட்க வேண்டாம், வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டாம். ஏன் என்று கேட்டால் பாக்கெட் 130லிருந்து 190 ஆனதைச் சொல்லுங்கள். அது அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

‘அழகு நிலையங்களுக்கு ஜிஎஸ்டி குறைந்திருக்கிறதே, நீ ஏன் ஏற்றுகிறாய்?’ என்று யாராவது கேட்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது உண்மை. ஆனால் சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். உங்கள் வரவு ஐந்து லட்சத்தைச் சுற்றி இருக்கிறது. நீங்கள் பதிவு செய்யாதவர், வாடிக்கையாளரிடம் வரியே வாங்கியதில்லை என்றால் குறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஷாம்பு, தலை எண்ணெய், முகப் பவுடர் ஆகியவற்றுக்கும் வரி 5 சதவீதம் ஆகியிருக்கிறது. அந்தப் பொருட்களின் பழைய பில்லையும் புதிய பில்லையும் ஒப்பிட்டு, குறைப்பு உங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். முக க்ரீம்களுக்கு இன்னமும் 18தான்.

மணப்பெண் அலங்காரத்துக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கியிருந்தால், கல்யாணம் வைகாசியில் இருந்தாலும் பேசிய விலையை மாற்றாதீர்கள். இனி வாங்கும் அட்வான்ஸ் ரசீதில் தேதியையும் மொத்தத் தொகையையும் எழுதிக் கொடுங்கள்.

கூடுதலாக வருவது வீட்டுச் செலவில் கரைந்துவிடக் கூடாது என்பது என் கவலை. 8,000 கூடினால் 4,000 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுங்கள். கல்யாணமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் வாடகைக்குக் கடன் வாங்குகிற நிலை வரக்கூடாது. மணிக்கட்டும் கழுத்தும்தான் உங்கள் முதல். கீழே விழுந்து அடிபட்டால் வருமானம் நின்றுவிடும். வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கிற பிரதம மந்திரி விபத்துக் காப்பீடு, விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம் வரை தரும்; சாதாரணக் காயத்துக்குத் தராது. இந்த வாரமே சேர்ந்துவிடுங்கள். அடுத்த வருடமும் அதே பிப்ரவரி 1 அன்று ஐந்து, ஆறு சதவீதம் மட்டும் ஏற்றுங்கள். நான்கு வருடச் சுமையை ஒரே நாளில் யார் தலையிலும் வைக்க நேராது.

அந்த மாமியிடம், பலகை மாட்டுவதற்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் வாடிக்கையாளர் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஒரு காபி கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, செலவு நோட்டையும் அவர் கையில் கொடுங்கள். ஆசிரியையாக இருந்தவர், கூட்டிப் பார்க்காமல் திருப்பித் தரமாட்டார்.