டாம்வொர்த்தின் கோபம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2006-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0-5 என்று தோற்ற பர்ட்டன் ஆல்பியன் என்ற சின்ன அணியின் ரசிகர்கள் அந்தத் தோல்வியைத் திருவிழாபோல் நடத்தினார்கள் என்று முன்பு ஒரு குறிப்பில் எழுதியிருந்தீர்கள். 2025 ஜனவரியில் அதே கோப்பையில் லண்டனின் டாட்டன்ஹாமிடம் கூடுதல் நேரத்தில் 0-3 என்று தோற்ற டாம்வொர்த் ரசிகர்களோ எரிச்சலோடு பேசுவதைப் பார்த்தேன். ஐந்தாம் அடுக்கு அணி ஒரு முதல் அடுக்கு (பிரீமியர் லீக்) அணியை 90 நிமிடம் கோல் போடவிடவில்லை, அது பெருமைதானே? டிரா ஆனால் எதிரணி மைதானத்தில் மறு ஆட்டம் என்ற பழைய விதி இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். லண்டனில் நடந்திருந்தால் இன்னும் மோசமாகத்தானே தோற்றிருப்பார்கள்? தோற்றவர்கள் விதியைக் குறை சொல்வது எல்லா ஊரிலும் உள்ளதுதானே?

ர., கோவை

அன்புள்ள ர.,

லண்டனில் இன்னும் மோசமாகத் தோற்றிருப்பார்கள்தான். டாம்வொர்த் ரசிகர்களைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். அந்தத் தோல்விக்குத்தான் அவர்கள் ஆசைப்பட்டார்கள். நீங்கள் சொல்லும் பர்ட்டன் ரசிகர்களுக்கு அது கிடைத்தது, இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பர்ட்டனுக்கு 2006 ஜனவரி 8 அன்று சொந்த மைதானத்தில் ஆட்டம், 0-0. பத்து நாள் கழித்து ஓல்டு டிராஃபோர்டில் மறு ஆட்டம், 0-5. அந்த இரண்டாவது ஆட்டத்துக்குப் பர்ட்டனிலிருந்து ஏறத்தாழ 11,000 பேர் போனார்கள். அவர்களுடைய சொந்த மைதானமே அவ்வளவு பேரைக் கொள்ளாது. முதல் ஆட்டத்தில் டிரா செய்த அன்றே ஜெயித்தாகிவிட்டது. ஐந்து கோல் வாங்கியது அதற்கான ஊர்வலம். பர்ட்டனும் டாம்வொர்த்தும் ஒரே ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டம், பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அதனால் 2006-இன் கதை டாம்வொர்த்தில் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது 2025 ஜனவரி 12, ஞாயிறு மதியம். மைதானத்தின் பெயர் லாம்ப் கிரவுண்ட், செயற்கைப் புல்தரை. கோல் வலையில் கிழிசல் என்று ஆட்டம் சில நிமிடம் தாமதமாகத்தான் தொடங்கியது. கோல்கீப்பர் ஜாஸ் சிங்குக்கு வாரநாட்களில் கட்டட சர்வேயர் வேலை. அப்போது அணியே பகுதிநேர அணி. டாம்வொர்த்தின் பெரிய ஆயுதம் டாம் டாங்க்ஸ் பக்கக் கோட்டிலிருந்து கையால் எறியும் நீண்ட த்ரோ. த்ரோவிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. ஆகவே உயரமானவர்கள் நாலைந்து பேர் எதிரணி கோல்கீப்பரை நெருக்கிக்கொண்டு கோல் கோட்டிலேயே நிற்கலாம். டாட்டன்ஹாம் கோல்கீப்பர் கின்ஸ்கிக்கு அது அந்த அணிக்காக இரண்டாவது ஆட்டம். ஒவ்வொரு த்ரோவுக்கும் அவர் கூட்டத்துக்குள் குத்திக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது. 90 நிமிட முடிவில் 0-0.

பழைய விதிப்படி அங்கே விசில் ஊதி, இரு அணியும் கை குலுக்கி, லண்டன் ஆட்டத்துக்குத் தேதி குறித்திருப்பார்கள். புதிய விதிப்படி இன்னும் 30 நிமிடம். டாட்டன்ஹாமின் குலுசெவ்ஸ்கியும் சோனும் மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கினார்கள். 101-ஆவது நிமிடத்தில் டாம்வொர்த் தடுப்பாட்டக்காரர் மீது பட்டு சேம்சைடு கோல். 107-இல் குலுசெவ்ஸ்கி, 118-இல் பிரென்னன் ஜான்சன்.

பணக் கணக்குக்கு வருகிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் ரசிகர்களின் கோபம் பிடிபடாது. எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றில் டிக்கெட் வசூலில் வரியும் ஆட்டம் நடத்திய செலவும் போக மிஞ்சுவதில் 45 சதவீதம் உள்ளூர் அணிக்கு, 45 சதவீதம் வந்த அணிக்கு, 10 சதவீதம் பொது நிதிக்கு. லீக் ஆட்டத்தில் வசூல் முழுக்க உள்ளூர் அணிக்கே போகும். கோப்பையில்தான் இந்தப் பங்கு. யாருடைய மைதானத்தில் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்து சின்ன அணியின் வருமானம் பத்து மடங்கு மாறுவது இதனால்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். டிக்கெட் விலையும் செலவும் என் ஊகம், வழிமுறை மட்டும் உண்மை. சின்ன மைதானத்தில் 3,700 பேர், தலைக்குச் சராசரி 20 பவுண்டு: வசூல் 74,000. அதற்குள் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) அடங்கியிருக்கிறது, அதை எடுத்தால் சுமார் 61,600. காவல், நடுவர்கள் என்று செலவு 10,000 என்று வையுங்கள். மிச்சத்தில் 45 சதவீதம் சுமார் 23,000 பவுண்டு. அதே இரு அணிகள் டாட்டன்ஹாம் மைதானத்தில் ஆடி, 62,850 இருக்கைகளில் 50,000 நிரம்பி, கோப்பை ஆட்டம் என்பதால் விலையைச் சராசரி 15 பவுண்டாகக் குறைத்தாலும் வசூல் 7,50,000. வாட் போக 6,25,000. செலவு 75,000 கழித்தால் 5,50,000. அதில் 45 சதவீதம் 2,47,500 பவுண்டு.

பரிசுப்பணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024-25 பருவத்தில் முதல் சுற்றில் ஜெயித்தால் 45,000 பவுண்டு, இரண்டாம் சுற்றில் 75,000, மூன்றாம் சுற்றில் தோற்றால் 25,000. முதல் சுற்றில் ஹடர்ஸ்ஃபீல்டை 1-0 என்று வென்று, இரண்டாம் சுற்றையும் தாண்டி, மூன்றாவதில் தோற்ற டாம்வொர்த்துக்கு இந்த மூன்று சுற்றிலும் சேர்த்து 1,45,000. தொலைக்காட்சிப் பணம் தனி. லண்டனில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஐந்து கோல் வாங்கிவிட்டு வந்திருந்தால் மேலே போட்ட கணக்குப்படி அதைவிட அதிகம் கிடைத்திருக்கும்.

இதற்குப் பழைய சாட்சி எக்ஸிட்டர் சிட்டி. 2003-இல் ஐந்தாம் அடுக்குக்கு இறங்கி, கடனில் மூழ்கி, ரசிகர் அறக்கட்டளையின் கைக்கு வந்த கிளப். 2005 ஜனவரி 8 அன்று ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு 0-0. பார்த்தவர்கள் 67,551 பேர். மறு ஆட்டம் எக்ஸிட்டரில், ரொனால்டோவும் ரூனியும் கோல் போட 0-2 தோல்வி. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஆறு லட்சம் பவுண்டைத் தாண்டிய வருமானம். கிளப் பிழைத்துக்கொண்டது. அங்கே இன்றும் அந்த டிராவைத்தான் பேசுவார்கள். 0-2 ஒரு தகவல், அவ்வளவுதான்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. குலுக்கலில் பெரிய அணியின் பெயர் வந்தால் மட்டும் போதாது, யார் மைதானத்தில் என்பதும் பார்க்க வேண்டும். எக்ஸிட்டருக்கு வெளியூர் ஆட்டம் விழுந்தது, பெரிய வசூல் முதல் நாளே கைக்கு வந்துவிட்டது. பர்ட்டனுக்கும் டாம்வொர்த்துக்கும் சொந்த ஊர் விழுந்தது. அது ரசிகர்களுக்கு இனிப்பு, கிளப்பின் கணக்குப்பிள்ளைக்குக் கசப்பு. மறு ஆட்டம் இருந்தவரை அந்தக் கசப்புக்கு ஒரு மாற்று இருந்தது: 90 நிமிடம் தாக்குப்பிடி, பெரிய மைதானமும் கிடைக்கும். இனி சின்னக் கிளப் ரசிகர் குலுக்கலன்று எதை வேண்டிக்கொள்வது என்றே தீர்மானிக்க வேண்டும். சொந்த ஊரில் ஜெயிக்க ஒரு வாய்ப்பா, வெளியூரில் நிச்சயப் பணமா?

விதி எப்படி மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் முடிவு வரும்வரை ஆடிக்கொண்டே இருந்தார்கள். 1971-இல் ஆல்வ்சர்ச்சும் ஆக்ஸ்ஃபர்ட் சிட்டியும் ஒரு தகுதிச் சுற்றை ஆறு ஆட்டம், மொத்தம் 11 மணி நேரம் இழுத்தன. இதை யாரும் திரும்பக் கேட்கவில்லை. 1991-92 பருவத்திலிருந்து ஒரே ஒரு மறு ஆட்டம், அதிலும் கூடுதல் நேரம் வரை முடிவு வராவிட்டால் பெனால்டி. 2024 ஏப்ரலில், அடுத்த பருவத்திலிருந்து முதல் சுற்று முதலே மறு ஆட்டம் கிடையாது என்று எஃப்.ஏ.வும் பிரீமியர் லீக்கும் சேர்ந்து அறிவித்தன. ஐரோப்பியக் கோப்பைகளின் புதிய அமைப்பில் முதல் கட்ட ஆட்டங்களே ஜனவரி வரை நீள்கின்றன, நாள்காட்டியில் இடமில்லை என்பது காரணம். அது பொய்யல்ல. டாம்வொர்த் ஆட்டத்துக்கு நாலு நாள் முன்பு டாட்டன்ஹாம் லிவர்பூலோடு இன்னொரு கோப்பையான லீக் கோப்பையின் அரையிறுதி ஆடியது, மூன்று நாள் கழித்து ஆர்சனலோடு லீக் ஆட்டம். ஆனால் முடிவெடுக்கும்போது கீழ் அடுக்குக் கிளப்புகளைக் கேட்கவில்லை என்பதுதான் அவர்களுடைய முதல் புகார். 1972-இல் சின்ன அணியான ஹியர்ஃபர்ட், முதல் அடுக்கு நியூகாசிலை 2-1 என்று வீழ்த்தியதே, அதில் ஹியர்ஃபர்டின் ராட்ஃபர்ட் போட்ட கோலை இன்றும் வருடா வருடம் காட்டுகிறார்களே, அதுவும் ஒரு மறு ஆட்டம்தான்.

ஆனாலும் டாம்வொர்த் ரசிகர்கள் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. இதே பருவத்தின் இரண்டாம் சுற்றில் டாம்வொர்த் யாரை வென்றது தெரியுமா? அதே பர்ட்டனை. 1-1 டிரா, பிறகு பெனால்டியில் 4-3. அப்போது பர்ட்டன் இரண்டு அடுக்கு மேலே, மூன்றாம் அடுக்கில் இருந்தது. பழைய விதி இருந்திருந்தால் பர்ட்டனோடு இன்னொரு ஆட்டம், அதில் மேலடுக்கு அணிக்கே வாய்ப்பு அதிகம். டாட்டன்ஹாமை லாம்ப் கிரவுண்டுக்குக் கொண்டுவந்ததில் புதிய விதிக்கும் பங்கு உண்டு. அன்று அந்த விதியை யாரும் திட்டவில்லை.

மறு ஆட்டம் திரும்ப வரும் என்று நான் நினைக்கவில்லை. டாம்வொர்த் ரசிகர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது வேறு இடம், கூடுதல் நேரம். பகுதிநேர அணி பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு மாலை பயிற்சி எடுக்கும். 90 நிமிடம் பந்து இல்லாமல் ஓடியே தடுத்துவிட முடியும், அதற்கு ஒழுங்கு போதும். 90-க்குமேல் காலில் தசை பிடிக்கும், ஒரு கஜம் பின்தங்குவார்கள், எதிராளியைத் துரத்த வேண்டிய இடத்தில் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதே நேரத்தில் எதிரணி பெஞ்சிலிருந்து சர்வதேச ஆட்டக்காரர்கள் புத்தம்புதுக் கால்களோடு இறங்குவார்கள். ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் என்ற விதி இருவருக்கும் பொதுதான், ஆனால் உங்கள் ஐந்தாவது மாற்றும் அவர்களுடைய ஐந்தாவது மாற்றும் ஒன்றா? இரு அணிக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிதாகத் தெரிவது அந்த அரை மணியில்தான்.

லீக் கோப்பையில் 2018-19 முதல் தொடக்கச் சுற்றுகளில் கூடுதல் நேரம் கிடையாது; 90 நிமிடம், நேரே பெனால்டி. எஃப்.ஏ. கோப்பையிலும் அதையே செய்தால் நாள்காட்டிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, பெரிய அணிக்கும் ஓட்டம் மிச்சம். பர்ட்டனைப் பெனால்டியில் வென்ற டாம்வொர்த்துக்கு அன்று ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு இருந்திருக்கும். அடுக்கு வித்தியாசம் பார்த்து, பெரிய அணி தன் 45 சதவீதத்தை விட்டுக்கொடுக்கட்டும் என்று எழுதப்பட்ட விதி ஒன்று வந்தாலும் நல்லது. எதிரணியின் தயவை நம்பி இருப்பதைவிட அது மேல். இவை என் கருத்துகள்.

இன்னொரு கோபமும் அந்த வாரம் இருந்திருக்கும், வெளியே அவ்வளவாகத் தெரியாது. இப்படி ஒரு ஆட்டம் வந்தால் சின்னக் கிளப் வழக்கமாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு முதல் உரிமை கொடுக்கும். பிறகு முந்தைய லீக் ஆட்டத்துக்கு வந்ததற்கு அத்தாட்சி காட்டுபவர்களுக்கு. மிச்சம் இருந்தால்தான் பொதுவிற்பனை. மழையில் வெளியூர் ஆட்டத்துக்கெல்லாம் போகிறவர், ஆனால் வேலை காரணமாக சீசன் டிக்கெட் எடுக்காதவர், இந்த வரிசையில் மாட்டிக்கொள்வார். 15 வருடம் எட்டிப் பார்க்காதவர் உள்ளே இருப்பார். லண்டனில் மறு ஆட்டம் நடந்திருந்தால் இந்தச் சண்டையும் தீர்ந்திருக்கும். எஃப்.ஏ. கோப்பையில் வந்த அணி மைதானக் கொள்ளளவில் 15 சதவீதம் வரை கேட்கலாம், டாட்டன்ஹாம் மைதானத்தில் அது 9,400-க்கு மேல். சுமார் 78,000 பேர் வாழும் ஊர் டாம்வொர்த். கேட்டவருக்கெல்லாம் டிக்கெட் கிடைத்திருக்கும்.

சேம்சைடு கோல் போட்ட ஆட்டக்காரரைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெரிய கிளப்பில் அப்படி ஒருவர் அடுத்த ஒரு வாரம் போனைத் திறக்க முடியாது. இந்த அளவுக் கிளப்பில் ரசிகரும் ஆட்டக்காரரும் ஒரே பாரில் நிற்பார்கள், கார் நிறுத்துமிடத்தில் பார்த்துக்கொள்வார்கள். அங்கே 101-ஆவது நிமிடத்துக் கோலுக்குக் கால்களைத்தான் குற்றம் சொல்வார்கள், ஆளை அல்ல. பெட்டிங் கடைகளிலும் சாதாரணப் பந்தயத்துக்கு 90 நிமிட முடிவுதான் கணக்கு. அன்று டிரா என்று கட்டியவர்களுக்குப் பணம் கிடைத்தது. ஆட்டம் முடிந்து டாட்டன்ஹாம் நாலாம் சுற்றுக்குப் போனது, டாம்வொர்த் தன் லீக் ஆட்டங்களுக்குத் திரும்பியது.