ரெண்டே ரெண்டு பிரேம்

கேள்வி: அக்கா, விஸ்காம் முடிச்சிட்டு செங்கோட்டைல ஒரு ஸ்டுடியோவுல கல்யாண வீடியோ எடிட் பண்றேன். சினிமா எடிட்டர் ஆகணும்னு ஆசை. வீட்ல 'பொம்பளப் புள்ளைக்கு அது சரிப்படாது, வயசும் 26 ஆச்சு'ங்கிறாங்க. இதுல பெரிய ஆளா வந்த பொண்ணு யாராச்சும் இருக்காங்களா?
- வாசகி, புளியரை

பதில்: இருக்காங்க தங்கச்சி, எப்பேர்ப்பட்ட ஆளு தெரியுமா! ஆன் வி. கோட்ஸ், இங்கிலாந்துக்காரங்க, 1925ல பொறந்தவங்க. மொதல்ல நர்ஸ் வேலை, அதுவும் போர்ல விமானம் எரிஞ்சு முகம் வெந்துபோன பைலட்டுங்களுக்கு பிளாஸ்டிக் சர்ஜரி பண்ற ஆஸ்பத்திரியில. அவங்க தாய்மாமா ஜே. ஆர்தர் ரேங்க் அங்க பெரிய சினிமா முதலாளி, ஆனா அவர் மருமகளத் தூக்கி விடல, சர்ச்சுகளுக்கு அனுப்புற பக்திப் படங்களோட பிரிண்டை ஒட்டித் தர்ற வேலைதான் குடுத்தாரு, ஆசை தானா அடங்கிரும்னு நெனச்சு. அடங்கல. 1952ல எடிட்டராவே படம் பண்ணிட்டாங்க.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'ங்கிற பெரிய படம் எப்படி கெடச்சுதுன்னா, ஒரு நடிகருக்கு எடுத்த டெஸ்ட் ஷூட்டை வெட்டிக் குடுத்தாங்க, அவ்வளவுதான். அந்த நடிகர் படத்துல நடிக்கவே இல்ல, ஆனா வெட்டுன விதம் டைரக்டர் டேவிட் லீனுக்கு பிடிச்சுப் போச்சு. அவரே பழைய எடிட்டர், சும்மா தலையாட்டுற ஆளில்ல.

அதுல லாரன்ஸ் எரியுற தீக்குச்சிய ஊதுவாரு, அடுத்த நொடி பாலைவனத்துல விடியுது. அந்த எடத்துல ஒண்ணு மங்கி இன்னொண்ணு தெளியுற டிசால்வ்தான் போடுறதா இருந்துச்சு. எடிட்டிங்ல வெட்டி ஒட்டிப் பாக்குற வேலைப் பிரிண்ட்ல டிசால்வ் வராது, மெழுகு பென்சில்ல கோடு மட்டும் போட்டு வச்சிருப்பாங்க, ஓட்டிப் பார்த்தா நேரடியா படக்குனு வெட்டி விழுது. ரெண்டு பேரும் அசந்துட்டாங்க. லீன், கிட்டத்தட்ட சரியா இருக்கு, இன்னும் சரியாக்கிட்டு வாங்கன்னாரு. அவங்க வெட்டி எடுத்தது ரெண்டே ரெண்டு பிரேம். பிரேம்னா பிலிம்ல ஒரு ஒத்தப் படம், நொடிக்கு 24 ஓடும். அப்போ ரெண்டுன்னா ஒரு நொடியில பன்னெண்டுல ஒரு பங்கு! இந்தப் படத்துக்கு 1963ல ஆஸ்கர் வாங்கினாங்க, அப்போ 37 வயசு. 26லாம் ஒரு வயசா?

நம்ம ஊர்லயே இது இருக்கு பாரு. பகவதிபுரம் தாண்டி ரயில் குகைக்குள்ள போகும், இந்தப் பக்கம் வெயிலு, ஆரியங்காவு பக்கம் வெளிய வந்தா மழை. கொஞ்சம் கொஞ்சமா மாறாது, சட்டுனு வேற ஊரு. எனக்கு அந்தக் குச்சி அணையுறப்பல்லாம் இந்தக் குகைதான் ஞாபகம் வரும்.

அடுத்த கல்யாண வீடியோல அந்த இதயம் பறக்குற டிசால்வை எடுத்துரு. கெட்டிமேளம்னு விரல ஆட்டுவாங்கள்ல, அந்த விரல்ல இருந்து நேரா பொண்ணோட அம்மா கண்ணுக்கு வெட்டு. ரெண்டு பிரேம் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு வெட்டி ரெண்டையும் வீட்ல போட்டுக் காமி.

கேள்வி: இப்பதான் எல்லாம் சாஃப்ட்வேரே பண்ணுதே, எடிட்டருக்கு என்ன வேலை?
- வாசகர், கம்பம்

பதில்: அதே கோட்ஸ் அம்மாவையே பாருங்கண்ணே. பிலிமைக் கையால வெட்டி ஒட்டிப் பழகினவங்க, அப்புறம் கம்ப்யூட்டருக்கும் மாறிக்கிட்டாங்க, 'அவுட் ஆஃப் சைட்' படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன் வந்தப்ப வயசு 70 தாண்டிடுச்சு, கடைசிப் படம் 2015ல வர்றப்ப 89. மெஷின் மாறிக்கிட்டே இருந்துச்சு, எந்த பிரேம்ல நிறுத்தணும்ங்கிறத கடைசி வரைக்கும் அவங்க கண்ணுதான் சொல்லுச்சு. மகளும் இப்ப எடிட்டர்தான்.