ஆண்ட்வெர்ப் வைரத் தெருவும் வோல்ஃப்சன் குடும்பமும்: கேள்வி பதில்

2023 ஏப்ரலில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான 'ரஃப் டயமண்ட்ஸ்' என்ற எட்டுப் பகுதித் தொடரைப் பார்த்துவிட்டுப் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் வோல்ஃப்சன் என்ற ஆசார யூதக் குடும்பம் தலைமுறைகளாக வைர வியாபாரம் செய்கிறது. ஒரு மகன் தற்கொலை செய்துகொள்கிறான். குடும்பத்தையும் சமயக் கட்டுப்பாடுகளையும் விட்டு லண்டனுக்குப் போய்விட்ட நோவா என்ற மற்றொரு மகன் இழவுக்காக ஊர் திரும்புகிறான். வந்த இடத்தில், நிறுவனம் குற்றக் கும்பலிடம் பட்ட கடனில் மூழ்கிக் கிடப்பது தெரிகிறது.

நான் அதே நகரில், அதே வட்டாரத்தில், ஒரு குஜராத்திக் குடும்ப நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகள் கல் தரம் பிரித்தவள். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். முடிவை மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

கேள்வி: அக்கா, லட்சக்கணக்கான யூரோ மதிப்புள்ள கற்களைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். கையெழுத்து இல்லை, பத்திரம் இல்லை, கைகுலுக்கினால் வியாபாரம் முடிந்தது என்கிறார்கள். நிஜமாகவே இப்படித்தானா?

இப்படித்தான். அந்தக் காகித மடிப்புக்கு 'பிரிஃப்கே' என்று பெயர். வெளியே தடித்த வெள்ளைத் தாள், உள்ளே மெல்லிய தாள், ஐந்தாறு மடிப்பு. மேல் விளிம்பில் பென்சிலால் காரட் எடை எழுதியிருக்கும். ஒழுங்காக மடிக்கக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. தவறாக மடித்தால் மூலை வழியாகக் கல் உதிர்ந்துவிடும்.

விலை ஒத்துப்போனதும் இருவரும் கைகுலுக்கி 'மஸல் உ பிராகா' என்பார்கள். 'அதிர்ஷ்டமும் ஆசியும்' என்று பொருள்படும் எபிரேயச் சொற்கள். யூதர், ஜைனர், லெபனான்காரர், ஃபிளெமிஷ்காரர் (டச்சு மொழி பேசும் பெல்ஜியர்) என்று யாராக இருந்தாலும் அதே சொல்தான். சொன்ன பிறகு அரை மணி நேரத்தில் வேறொருவர் கூடுதல் விலை தர வந்தாலும் விற்பவர் பின்வாங்க முடியாது. எங்கள் முதலாளிக்கு என் கண்ணெதிரே இது நடந்தது. தொலைபேசியில் வந்த பெரிய தொகையைக் கேட்டுவிட்டு, "அந்தக் கல் என்னுடையது இல்லை" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கல் அப்போதும் அவர் மேசையில்தான் இருந்தது.

பேரம் முடியாத நிலைக்கும் ஒரு முறை உண்டு. வாங்குபவர் ஒரு விலை சொன்னதும் தரகர் பொட்டலத்தை உறையில் போட்டு ஒட்டி, மேலே விலையையும் தேதியையும் குறிப்பார். இதற்கு 'காஷே' என்று பெயர். விற்பவர் ஆம், இல்லை சொல்லும்வரை வேறு எவருக்கும் அந்தக் கல்லைக் காட்டக் கூடாது.

இதற்கெல்லாம் பின்னால் இரும்பு போன்ற ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆண்ட்வெர்ப்பில் நான்கு வைரச் சந்தைகள் உண்டு. மிகப் பழையது 1893இல் தொடங்கியது. உறுப்பினர்களுக்குள் தகராறு வந்தால் நீதிமன்றத்துக்கு முன்பாகச் சந்தையின் நடுவர் குழுவிடம் போக வேண்டும். தீர்ப்பை மதிக்காதவர் நீக்கப்படுவார். 1947இல் அமைந்த உலகக் கூட்டமைப்பின் வழியாக மற்ற நாட்டுச் சந்தைகளுக்கும் செய்தி போய்விடும். அதன்பின் மும்பையிலோ நியூயார்க்கிலோ டெல் அவீவிலோ அவரிடம் யாரும் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டார்கள். தொடரில் நோவாவின் தந்தையான கிழவர் எஸ்ரா பணத்தைவிடக் குடும்பப் பெயருக்கு அஞ்சுவது சிலருக்கு மிகையாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அதில் மிகையே தெரியவில்லை.

கேள்வி: இத்தனை வைரம் வைத்திருக்கும் குடும்பம் எதற்காக ரவுடிகளிடம் கடன் வாங்க வேண்டும்? கதையில் அங்கேதான் நம்பிக்கை போய்விட்டது.

எனக்கு அங்கேதான் நம்பிக்கை வந்தது, தம்பி. வைரக் குடும்பங்கள் கல்லில் பணக்காரர்கள், கையிருப்பில் ஏழைகள்.

பட்டை தீட்டாத கல்லுக்குப் பெரும்பாலும் முழுப் பணத்தையும் முன்பே கட்ட வேண்டும். டி பியர்ஸ் போன்ற வைரச் சுரங்க நிறுவனங்கள் ஆண்டுக்குப் பத்து முறை, தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும் பெட்டி பெட்டியாகக் கல் விற்கும் முறையை நீண்ட காலம் நடத்தின. பெட்டியைத் திறந்து பார்க்கலாம், பேரம் பேச இடம் கிடையாது. வாங்கிய கல்லைத் திட்டமிட்டு, அறுத்து, தீட்டி முடிக்கப் பல வாரங்கள் ஆகும். எடையில் பாதிக்கு மேல் தூசியாகப் போய்விடும். பத்துக் காரட் கல்லில் நான்கு, ஐந்து காரட் தேறினால் நல்லது. தீட்டிய கல்லை நகைக்காரருக்கு விற்பதோ கடனில். அறுபது நாள், தொண்ணூறு நாள், சில சமயம் அதற்கும் மேல்.

ஆகப் பணம் இன்று போகிறது, ஆறு மாதம் கழித்துத் திரும்புகிறது. நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்பியது வங்கிதான். இந்தத் தொழிலுக்கென்றே இருந்த ஆண்ட்வெர்ப் டயமண்ட் பேங்கை மூடப்போவதாக அதன் தாய் நிறுவனமான கேபிசி 2014இல் அறிவித்தது. மற்ற வங்கிகளும் ஒவ்வொன்றாகக் கைகளை இழுத்துக்கொண்டன. பெரிய நிறுவனங்கள் வேறு நாட்டு வங்கிகளுக்குப் போயின. வோல்ஃப்சன்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் மாமனிடமும் சம்பந்தியிடமும் கேட்டன. அதுவும் வற்றினால் மிஞ்சுவது எந்த வாசல் என்பதைத்தான் தொடர் காட்டுகிறது. யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. 'அவர்களுக்குக் கை இறுகிவிட்டது' என்ற பேச்சு தெருவில் கிளம்பினால் மறுநாள் கடன் கொடுத்தவர் அத்தனை பேரும் கதவைத் தட்டுவார்கள். இறந்த மகன் ஏன் தன் வீட்டாரிடம்கூட வாய் திறக்கவில்லை என்று கேட்டிருந்த சகோதரிக்கும் இதுவே என் பதில்.

கேள்வி: யூதர்களுக்கும் வைரத்துக்கும் இவ்வளவு நெருக்கம் எப்படி வந்தது?

இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலான கைத்தொழில் சங்கங்கள் யூதர்களைச் சேர்க்கவில்லை, நிலம் வாங்கவும் பல இடங்களில் தடை. கல் தீட்டுவதும் விற்பதும் திறந்திருந்த சில வழிகளில் ஒன்று. இரவோடு இரவாக ஊரை விட்டு ஓட நேர்ந்தால் மடியில் முடிந்துகொண்டு போகக்கூடிய சொத்தும் அதுதான்.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் இந்தியாதான். கோல்கொண்டா கற்கள் கோவா வழியாக லிஸ்பன் போயின. போர்ச்சுகலில் சமயக் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய யூத வணிகர்கள் அந்தத் தொடர்புகளை ஆண்ட்வெர்ப்புக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் கொண்டுவந்தார்கள். பிறகு தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள் திறந்தபோது ஆண்ட்வெர்ப் பெருகி வளர்ந்தது.

1942இல் அந்த நகரத்து யூதர்களை நாஜிகள் வீடு வீடாகப் பிடித்தார்கள். 1944 வரை, பெரும்பாலும் பெல்ஜியம் முழுவதிலிருந்தும் பிடித்த 25,000க்கும் மேற்பட்டவர்களை மெகெலென் நகரத்து டோசின் படைமுகாமிலிருந்து ரயிலேற்றி அனுப்பினார்கள், மிகப் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்கு. திரும்பியவர் மிகச் சிலர். பிழைத்தவர்கள் மறுபடி வந்து அதே தெருவில் கடை போட்டார்கள். தொடரில் ஒரு முதியவர் 'நாம் இங்கிருந்து போக மாட்டோம்' என்ற பிடிவாதத்தோடு இருந்தால், அதை வெறும் வியாபாரப் பிடிவாதமாகப் பார்க்காதீர்கள்.

கேள்வி: இப்போது அங்கே இந்தியர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது என்கிறார்களே?

ஆமாம். குஜராத்தின் பாலன்பூரைச் சேர்ந்த ஜைனக் குடும்பங்கள் 1960களிலிருந்து வரத் தொடங்கின. மற்றவர்கள் மதிக்காத பொடிக் கற்களை வாங்கி, ஊரில் தீட்டி, திரும்பக் கொண்டுவந்து விற்றார்கள். இன்று உலகின் வைரங்களில் பத்துக்கு ஒன்பது சூரத்தில் தீட்டப்படுகின்றன. ஆண்ட்வெர்ப் வணிகத்தில் பெரும்பகுதி இந்தியக் குடும்பங்களிடம் இருக்கிறது.

பகை இருந்ததா என்று கேட்டால், போட்டி இருந்தது, மனத்தாங்கல் இருந்தது, மரியாதையும் இருந்தது. அடுத்த வீட்டில் சாப்பிடத் தயங்கும் இரண்டு சமூகங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் மட்டும் குடித்துக்கொண்டு பேரம் பேசுவதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பிற்பகலில் யூத வணிகர்கள் கிளம்பிவிடுவார்கள், தெருவில் ஓர் அமைதி இறங்கும். அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: போதைப்பொருள் கும்பல், வைரம், கறுப்புப் பணம் எல்லாம் ஒரே நகரில் சேர்வது கதைக்காகவா?

ஆண்ட்வெர்ப் துறைமுகம் ஐரோப்பாவுக்குள் கொக்கெய்ன் நுழையும் முதன்மை வாயில்களில் ஒன்று. 2022இல் மட்டும் அங்கே 100 டன்னுக்கு மேல் பிடிபட்டது. அந்தப் பணம் நகருக்குள்ளேயே ஒளிய இடம் தேடுவது இயல்பு.

ஆனால் சூட்கேசில் கல்லைக் கடத்துவது போன்ற காட்சிகளைவிட நுட்பமானது விலை விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஆண்ட்வெர்ப்புக்கு வரும், அங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பொட்டலத்தையும் டயமண்ட் ஆபீஸ் என்ற அலுவலகத்தில் நிபுணர்கள் திறந்து எடையும் மதிப்பும் பார்க்கிறார்கள். இருந்தும், தங்கத்தைப் போல வைரத்துக்கு ஒரே சந்தை விலை கிடையாது. ஒரே பொட்டலத்தை நேர்மையான இரண்டு நிபுணர்கள் வேறு வேறு விலைக்கு மதிப்பிடுவார்கள். அந்த இடைவெளியில் ஒரு நேர்மையற்றவன் நுழைந்தால், நூறு ரூபாய்ச் சரக்குக்கு நூற்றிருபது என்று சீட்டு எழுதி, மிச்சத்தை வெள்ளைப் பணமாக்கிவிடுவான். துப்பாக்கியே தேவையில்லை.

கேள்வி: 'கிம்பர்லி சான்றிதழ்' இருந்தால் அது ரத்த வைரம் இல்லை என்று நம்பலாமா?

முழுதாக நம்ப முடியாது என்பது என் கருத்து. சியரா லியோன், அங்கோலா போர்களின் கொடுமைக்குப் பிறகு, ரத்த வைரத்தைத் தடுக்க நாடுகள் ஒப்புக்கொண்ட அந்தச் சான்றிதழ் ஏற்பாடு 2003இல் நடைமுறைக்கு வந்தது. நல்லது செய்தது. ஆனால் அதன் வரையறை, அரசை எதிர்க்கும் கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் தரும் வைரத்தை மட்டுமே தடுக்கிறது. அரசின் படையே சுரங்கத் தொழிலாளியை அடித்தால்? ஜிம்பாப்வேயின் மராங்கே வயலில் அதுதான் நடந்தது. அந்தக் கற்களுக்கும் வழி திறந்தபோது, இந்த ஏற்பாட்டை உருவாக்கப் போராடிய குளோபல் விட்னஸ் அமைப்பே 2011இல் வெளியேறியது. மேலும், சான்றிதழ் ஒரு தொகுதிக்குத்தான், தனிக் கல்லுக்குக் கிடையாது. பல நாட்டுக் கற்கள் கலந்தபின் 'பல்வேறு இடங்களிலிருந்து' என்றே தாளில் எழுதப்படும். அப்படிப்பட்ட தாள்கள் என் கைவழியாகப் போயிருக்கின்றன. இப்போதும் அது என்னை உறுத்துகிறது.

கேள்வி: ரஷ்ய வைரத்துக்குத் தடை என்றார்களே?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜனவரி 1 முதல் நேரடி இறக்குமதிக்குத் தடை. அதே ஆண்டு மார்ச் முதல், ரஷ்யக் கல்லை வேறு நாட்டில் தீட்டி அனுப்பினாலும், ஒரு காரட்டும் அதற்கு மேலும் இருந்தால் தடை; செப்டம்பர் முதல் அந்த வரம்பு அரை காரட்டாகக் குறைந்தது.

கேள்வி: வோல்ஃப்சன் குடும்பத்தினர் வீட்டில் பேசுவது ஜெர்மன் மொழியா?

இத்திஷ். ஜெர்மானிய வேர், எபிரேய எழுத்து. வெளியாரிடம் ஃபிளெமிஷ், தொழிலில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தயவுசெய்து டப்பிங் இல்லாமல் பாருங்கள். யாரிடம் எந்த மொழிக்கு மாறுகிறார்கள் என்பதிலேயே பாதி உறவு தெரியும்.

கேள்வி: உலகையே அதிரவைத்த ஆண்ட்வெர்ப் கொள்ளை பற்றிச் சொல்லுங்கள்.

2003 பிப்ரவரி 15, 16, வார இறுதி. டயமண்ட் சென்டர் கட்டடத்தின் நிலவறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டகங்களை உடைத்து, 100 மில்லியன் டாலருக்குக் குறையாத சரக்கை அள்ளிச் சென்றார்கள். கும்பலின் தலைவரான இத்தாலியர் லியோனார்டோ நோட்டார்பார்டோலோ, வைர வணிகர் என்று சொல்லி அதே கட்டடத்தில் முன்பே அலுவலகம் வாடகைக்கு எடுத்து, நாள்தோறும் வந்துபோனவர். நெடுஞ்சாலை ஓரக் காட்டில் வீசிய குப்பை காட்டிக்கொடுத்தது. பத்தாண்டுச் சிறை. பெரும்பாலான கற்கள் திரும்பவே இல்லை.

ஊடகங்கள் பூட்டுகளைப் பற்றியே எழுதின. தெருவில் இருந்தவர்களுக்கு வலித்தது வேறு. அந்த மனிதருக்குத் தினமும் காலை வணக்கம் சொல்லியிருந்தார்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் செய்த வைரத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பீர்களா?

முடியாது. யாராவது முடியும் என்றால் அவரிடம் வாங்காதீர்கள். அதுவும் கரிமம், அதே படிக அமைப்பு. வெப்பம் கடத்துவதைச் சோதிக்கும் சிறு கருவியும் ஏமாந்துபோகும். நிறமாலை பார்க்கும் கருவிதான் பிரித்துச் சொல்லும். ஆய்வக வைரம் வாங்குவது தவறே இல்லை. சொல்லாமல் இயற்கைப் பொடிக் கற்களோடு கலப்பதுதான் குற்றம்.

கேள்வி: அக்கா, நீங்கள் எப்போதாவது ஒரு கல்லைத் தொலைத்ததுண்டா?

உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, டிசம்பர். வடக்குப் பார்த்த சன்னல் ஓரம்தான் எங்கள் மேசைகள், நேரடி வெயில் படாத ஒளியில்தான் நிறம் தெரியும். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். அவசரத்தில் இடுக்கியைச் சற்று அதிகமாக அழுத்திவிட்டேன். கல் தெறித்தது. முக்கால் காரட், நல்ல நீரோட்டம்.

யாரும் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அறையில் இருந்த ஆறு பேரும் முட்டிபோட்டார்கள். அன்று கல் பார்க்க வந்திருந்த வயதான யூதத் தரகர் கறுப்பு அங்கியை மடித்துக்கொண்டு அவரும் தரையில் இறங்கினார். கதவை மூடினார்கள். யாரும் யாருடைய பையையும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, என் கம்பளிச் சட்டையின் கை மடிப்பில் இருந்தது. தரகர் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு, கல்லை என் உள்ளங்கையில் வைத்து "மஸல்" என்றார்.