தினமும் ஸ்கெட்ச் வரைவது என்றால் என்ன? அதனால் கை எப்படித் தேறுகிறது?

ஸ்கெட்ச் என்பது கண்ணெதிரே உள்ளதைச் சில நிமிடங்களில் கோடுகளாகப் பதிந்துகொள்ளும் விரைவுச் சித்திரம். முடிந்த ஓவியம் அன்று. அதை அன்றாடம் செய்வதற்குப் பையில் அடங்கும் ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். ஓவியர்கள் சிறு குறிப்பேட்டுடன் வெளியே சென்று மனிதர்களின் அசைவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று லியொனார்டோ டா வின்சி வலியுறுத்தினார்.

பழகாத கை, கண் காண்பதை விட்டுவிட்டு மனம் அறிந்ததையே வரைகிறது என்பதுதான் தினமும் வரைய வேண்டியதன் அடிப்படைக் காரணம். மேசைமேல் உள்ள டீ கிளாஸைப் பாருங்கள்: அதன் வாய் நீள்வட்டமாகவும், அடிப்பகுதி அதைவிடச் சற்று அதிகமாக வளைந்த கோடாகவும் தெரியும். ஆனால் கிளாஸ் தட்டையான பரப்பில் நிற்கிறது என்று மனம் அறிந்திருப்பதால், புதிதாக வரைபவர் பெரும்பாலும் அடியை நேர்கோடாகவே இழுத்துவிடுவார். இந்தப் பிடிவாதம் ஒரே நாளில் தளராது. ஆகவே வாரத்திற்கொரு முறை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடங்களை நாள்தோறும் பயன்படுத்துவதே மேல் என்பேன்.

வாசலில் கோலமிடுபவர் நேற்றைய கோலம் அழிந்ததற்கு வருந்துவதில்லை. இழை பிசகாமல் விழுவது அந்த அன்றாடத் தொடர்ச்சியால்தான். நோட்டின் பக்கங்களையும் அவ்வாறே கருதலாம்.

கைபேசியில் படமெடுத்து, பிறகு அதைப் பார்த்து வரைந்தாலும் பலன் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். ஆழமுள்ள காட்சியைத் தட்டையாக்கும் வேலையைக் கேமராவே முடித்துவிடுவதால், கண்ணுக்குக் கிடைக்க வேண்டிய முக்கியப் பயிற்சி அதில் கிடைப்பதில்லை.