வேலை கேட்கும் முன் வேலையைச் சொல்லுங்கள்

கே: வீடு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. வேலை தேடுவது கோவையில். லிங்க்ட்இனில் எந்த ஊரைப் போடுவது?

ப: கோவை. ஆள் தேடுகிறவர்கள் ஊரை வைத்துத்தான் முதலில் வடிகட்டுகிறார்கள். வேலந்தாவளம் வழியாக தினமும் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தானே. மொழிகள் பகுதியில் மலையாளத்தையும் சேருங்கள். உங்கள் சித்தூர் தாலுகாக்காரர்கள் பலர் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தும் இதை விட்டுவிடுகிறார்கள். கேரளத்தில் சரக்கு விற்கும் கோவை நிறுவனத்துக்கு அது பெரிய தகுதி.

கே: லிங்க்ட்இனில் 2,000 பேரைச் சேர்த்து, எல்லோரிடமும் வேலை கேட்டுவிட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. (கஞ்சிக்கோடு)

ப: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்பது எங்குமே இல்லை. அந்த 2,000 பேருக்கும் இதே நிலைதான். 'வணக்கம் சார், வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்று முன்பின் தெரியாதவருக்கு எழுதுவது அவர் நேரத்தையும் உங்கள் பெயரையும் கெடுக்கும். எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் ஓயவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

சென்ற மாதம் ஒரு வெல்டிங் தர ஆய்வாளர் அனுப்பிய குறிப்பைப் பார்த்தேன்: 'வெல்டில் துளை விழுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஷாப்பில் எலெக்ட்ரோடை அடுப்பில் காயவைத்துப் பயன்படுத்திய பிறகு அது குறைந்தது.' வேலையே கேட்கவில்லை. பதில் அன்றே வந்தது. லிங்க்ட்இன் இலவசக் கணக்கில், தொடர்பில் சேரக் கேட்டு இப்படிக் குறிப்போடு அனுப்பும் அழைப்புகள் மாதத்துக்குச் சிலவே. அவற்றை இப்படிச் செலவழியுங்கள்.

நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்கள் வழியாகவே வேலைச் செய்தி அதிகம் வருகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே எழுதினார். அறிமுகம் என்றால், உங்கள் வேலை இன்னதென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கே: வேலையில் இருந்துகொண்டே லிங்க்ட்இன் படத்தில், வேலை தேடுகிறேன் என்று காட்டும் பச்சை வளையம் போடலாமா?

ப: வேண்டாம். வேலை தேடுவது ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். அதுவும் முழு மறைப்பு அல்ல.

கே: வளைகுடாவில் வேலை என்று ஒருவர் செய்தி அனுப்பி, மருத்துவப் பரிசோதனைக்கு 15,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்.

ப: அனுப்பாதீர்கள். முன்பும் எழுதியதுதான்: முதலில் வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் அந்த முகவரின் பதிவைச் சரிபாருங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.